நூற்று நாற்பத்தேழாவது கணவன்

சென்னை
8-1-1973

மச்சானுக்கு மருது எழுதுவது.

பொங்கலுக்கு என்னால் வர முடியாது. லேபில் லீவு கிடைக்கவில்லை. அக்காவுக்குச் சேலை எடுத்து அப்பாவுக்குப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் அம்மா உங்களுக்கு இரண்டாம் தாரமாகப் பெண் பார்க்கிறார் என்று காளையார்கோவிலிலிருந்து அப்பா எழுதியிருக்கிறார். இரண்டாம் தாரம் கூடாது என்று சட்டம் வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. அந்தச் சட்டம் இன்னும் கொத்தமங்கலம் பஸ்ஸில் ஏறவில்லை போலிருக்கிறது.

கல்யாணமான இந்தப் பதினோரு வருஷத்தில் அக்கா பார்க்காத டாக்டர் இல்லை. மதுரையில் வயிற்றுக்குள் காற்றடித்துக்கூடப் பார்த்தார்கள். குறை ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்த சீட்டு உங்கள் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது. நீங்கள் என்ன சோதனை செய்துகொண்டீர்கள்?

லேபில் என் டாக்டர் செய்யும் ஆராய்ச்சியே இதைப் பற்றித்தான். பிள்ளையில்லாத வீட்டில் ஆணையும் சோதிக்க வேண்டும் என்கிறார். எங்களிடம் வரும் மனைவிமார்களின் ஃபைல் ஒவ்வொன்றும் தலையணை கனம் இருக்கிறது. அதில் கணவன் என்ற கட்டத்தில் ஒரு கோடு மட்டும் இழுத்திருக்கும். நூறு கணவர்களுக்குக் கடிதம் போட்டால் பத்துப் பேர் வருகிறார்கள். வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்குக் குறை இருக்கிறது. நானே எண்ணிப் பார்த்துச் சொல்கிறேன். எண்ணுவதுதான் என் வேலை. ஒரு சொட்டு விந்தைக் கட்டம் போட்ட கண்ணாடியில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், ஊருணியில் தலைப்பிரட்டை நீந்துவது மாதிரி உயிரணுக்கள் ஓடும். எத்தனை ஓடுகிறது என்று எண்ணி எழுத வேண்டும். வலி கிடையாது, ஊசி கிடையாது.

பயிர் விளையாவிட்டால் மண்ணை மட்டுமா குறை சொல்வீர்கள்? விதைநெல்லையும் முளைகட்டிப் பார்ப்பீர்கள் அல்லவா? வாருங்கள், மச்சான்.

மருது


கொத்தமங்கலம்
19-1-1973

மாப்பிள்ளைக்கு,

உன் கடிதத்தைத் தபால்காரர் உன் அக்கா கையில்தான் கொடுத்தார். அவளுக்குப் படிக்கத் தெரியாதது நல்லதாகப் போயிற்று. "என்ன எழுதியிருக்கான்?" என்று கேட்டாள். "பொங்கலுக்கு வரலையாம்" என்றேன். பொய் இல்லையே.

உன்னைப் படிக்க வைத்தது மச்சான் வேட்டியை அவிழ்த்துப் பார்க்கத்தான் என்று தெரிந்திருந்தால் உங்கள் அப்பா உன்னை மாடு மேய்க்க விட்டிருப்பார். மூன்று நாளைக்கு முன்னால் சிராவயல் மஞ்சுவிரட்டில் மாடு அணைந்த ஆள் நான். என்னைப் போய்த் தலைப்பிரட்டை இருக்கிறதா என்று கேட்கிறாய். வேறு யாராவது கேட்டிருந்தால் நடந்திருப்பதே வேறு.

ஆனாலும் வருகிறேன். அம்மா பேசுகிற பேச்சுக்கு உன் அக்கா ஒரு வார்த்தை பதில் சொல்வதில்லை. காதில் விழாத மாதிரி நெல் அவித்துக்கொண்டிருக்கிறாள். அதைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது.

ஆனால் ஒன்று. ஆஸ்பத்திரிக் கக்கூஸில் நின்றுகொண்டெல்லாம் என்னால் ஆகாது. லாட்ஜில் ரூம் போடு, அங்கே தருகிறேன். டாக்டர் என்னைத் தொட்டுப் பார்க்கவும் கூடாது. துணைக்குச் சோணையைக் கூட்டி வருகிறேன். சின்ன வயதிலிருந்து என்னோடு ஏர் பிடிக்கிறவன், ஐந்து பிள்ளைக்குத் தகப்பன், உனக்குத் தெரியாதா என்ன. "மெட்ராசுல கடலு இருக்காம்ல அண்ணே" என்று இப்போதே துள்ளுகிறான். எதற்குப் போகிறோம் என்று அவனிடம் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

தங்கச்சாமி


சென்னை
14-2-1973

மச்சானுக்கு,

இதை ஆள் இல்லாத இடத்தில் உட்கார்ந்து படியுங்கள்.

வெள்ளிக்கிழமை லாட்ஜ் வாசலில் நின்று உங்களிடம் வாங்கிக்கொண்டு ஓடினேனே, அந்தப் பாட்டிலில் உயிரணு இல்லை. குறைவாக இருந்தால் குறைவு என்று எழுதுவேன். ஒன்றுகூட இல்லை. மூன்று தடவை வேறு வேறு சொட்டு எடுத்துப் பார்த்தேன். கடைசியில் டாக்டரையே பார்க்கச் சொன்னேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நம்பிக்கை இழக்க வேண்டாம். விந்தில் இருக்க வேண்டிய சர்க்கரை சரியாக இருக்கிறது. அதை வைத்து, விதை நன்றாக இருந்து வருகிற வழியில் குழாய் அடைபட்டிருக்கலாம் என்று டாக்டர் சந்தேகப்படுகிறார். அப்படியானால் அறுத்து, அடைப்பை நீக்கி, மறுபடி இணைத்துப் பார்க்கலாம். இதுவரை வந்த நூற்று நாற்பத்தாறு கணவர்களில் இப்படி ஒருவர் கிடைக்கவில்லையாம், டாக்டருக்கு ஒரே உற்சாகம். உங்கள் எண் நூற்று நாற்பத்தேழு. தொட்டுப் பார்த்தால்தான் முடிவாகச் சொல்ல முடியும். நீங்களோ அன்றைக்கே ரயிலேறிவிட்டீர்கள்.

எனக்கு உங்கள் மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. பயந்துகொண்டாவது வந்தீர்கள். மற்ற கணவர்கள் அதைக்கூடச் செய்யவில்லை. அம்மாவிடம் சொல்லிப் பெண் பார்ப்பதை மட்டும் நிறுத்துங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

மருது


கொத்தமங்கலம்
22-2-1973

மாப்பிள்ளைக்கு,

உன் மைக்ராஸ்கோப் பழுது. அந்தப் பாட்டிலில் இல்லையென்றால் இந்த ராமநாதபுரம் ஜில்லாவில் எவனுக்கும் இல்லை. எப்படிச் சொல்கிறாய் என்று கேட்காதே.

எனக்கு அறுவையும் வேண்டாம், ஒட்டுப்போடவும் வேண்டாம். அந்தச் சீட்டைக் கிழித்துப் போடு. காரணம் சொல்லாமல் நிறுத்து என்கிறாய். காரணம் சொல்லாமல் நிறுத்தினால் என் அம்மா விடுவாளா? சித்திரை பிறந்ததும் பெண் வீட்டார் வெற்றிலை பாக்கு மாற்ற வருகிறார்கள். உன் அக்காவை யாரும் வீட்டை விட்டுப் போகச் சொல்லவில்லை. அவள் பாட்டுக்கு ஓரமாக இருக்கட்டும் என்றுதான் அம்மா சொல்கிறாள்.

தங்கச்சாமி


சென்னை
3-3-1973

மச்சானுக்கு,

ஓரமாக இருக்கட்டும் என்று எழுத உங்களுக்குக் கை கூசவில்லையா? என் அக்கா என்ன, உடைந்த கலப்பையா?

மைக்ராஸ்கோப்பில் ஒரு பழுதும் இல்லை. அன்றைக்கு அதே கண்ணாடியில் இன்னும் நான்கு பேருக்கு எண்ணியிருக்கிறேன். டாக்டர் வைகாசியில் பம்பாயில் மற்ற டாக்டர்கள் முன்னால் வாசிக்கப்போகும் கட்டுரையில் உங்கள் எண்ணையும் சேர்த்துவிட்டார். கிழித்துப் போட அது கடைச் சீட்டு இல்லை.

மாட்டுக் கொம்புக்குப் பயப்படாத மனிதர் ஒரு துண்டுக் காகிதத்துக்குப் பயப்படுகிறீர்கள். சின்ன வயதில் உங்கள் பின்னாலேயே திரிந்தவன் நான். அந்த உரிமையில் சொல்கிறேன், நீங்கள் கோழை. சித்திரைக்கு முன்னால் வந்து என் அக்காவைக் கூட்டிக்கொண்டு போவேன்.

மருது


கொத்தமங்கலம்
18-3-1973

மாப்பிள்ளை,

கோழை என்று எழுதியிருந்தாய். அது குறைச்சல். அந்தப் பாட்டில் என்னுடையது இல்லை. சோணையுடையது.

என் பாட்டிலில் என்ன இருக்குமோ என்று எனக்குப் பயம். ஐந்து பிள்ளை பெற்றவனுடையது என்றால் நல்ல சீட்டுதானே வரும் என்று நினைத்தேன். அப்படி வந்தால் பழி மொத்தமும் உன் அக்கா தலையில் விழும் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன். லாட்ஜில் பாட்டிலை நீட்டியதும் சோணை திருதிருவென்று முழித்தான். நான் சொன்னால் தட்டமாட்டான்.

இப்போது இதை எழுதக் காரணம் வேறு. நேற்று அவன் பெண்சாதி பொன்னுத்தாயியைப் பார்த்த மருத்துவச்சி இது ஐந்தாம் மாதம் என்று சொல்லிவிட்டாள். கைப்பிள்ளைக்குப் பால் கொடுக்கிறதால் நாள் தள்ளிப்போகிறது என்று அவள் இருந்திருக்கிறாள். சோணை அரிவாளோடு தெருவுக்கு வந்துவிட்டான். "நான் ஆப்ரேசன் பண்ணிக்கிட்டவன்டி! யாரு புள்ளடி இது?" என்று அவன் போட்ட சத்தம் ஊருணிக் கரை வரைக்கும் கேட்டது. அரிவாளைப் பிடுங்கியதில் என் உள்ளங்கை கிழிந்துவிட்டது. கையெழுத்து இப்படி இருப்பது அதனால்தான்.

ஐப்பசி இரண்டாம் தேதி குடும்பக் கட்டுப்பாட்டு முகாமில் போய் அறுத்துக்கொண்டு வந்திருக்கிறான். ஒரு வாளியும் வேட்டியும் கொடுத்தார்களாம். பெண்சாதிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. காலில் முள் ஏறிவிட்டது என்று நான்கு நாள் படுத்திருந்தான். "பாட்டிலக் குடுத்தப்பவாச்சும் சொல்லியிருக்கலாம்லடா" என்றேன். "தண்ணி வழக்கம்போலத்தான அண்ணே வருது, அது போதும்னு இருந்துட்டேன்" என்கிறான். உன் கண்ணாடி பொய் சொல்லவில்லை, மாப்பிள்ளை. உன் டாக்டர் சொன்ன குழாய் அடைப்பும் சரிதான்.

பொன்னுத்தாயி என்னைப் பார்த்து, "நான் எவனையும் ஏறெடுத்துப் பாத்ததில்ல. நீங்க படிச்சவுக, நீங்களாச்சும் சொல்லுங்க" என்று அழுகிறாள். உன் அக்கா அவளையும் பிள்ளைகளையும் உள் அறையில் வைத்துக்கொண்டு யாரையும் கிட்டே விடவில்லை. சோணையை என் மாட்டுக் கொட்டகையில் உட்கார வைத்திருக்கிறேன். எத்தனை நாளைக்கு அவனைப் பிடித்து வைக்க முடியும் என்று தெரியவில்லை.

அறுவை ஆனவனுக்குப் பிள்ளை தங்குமா? முன்னாலேயே தங்கியதாக இருக்காது, ஐப்பசி பத்து வாக்கில் அவள் வீட்டுக்குத் தூரமாகிக் குளித்திருக்கிறாள். உன் டாக்டரைக் கேள். நான் செய்ததையும் சொல்லித்தான் கேட்க வேண்டியிருக்கும், சொல். எக்ஸ்பிரஸ் தபாலில் பதில் போடு.

தங்கச்சாமி


சென்னை
22-3-1973

மச்சானுக்கு,

தங்கும். சோணையிடம் முதலில் இந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு மேலே படியுங்கள்.

வாய்க்காலை மடையில் அடைத்த பிறகும், அடைப்புக்குக் கீழே நிற்கிற தண்ணீர் வயலுக்குப் பாயும் அல்லவா? அதுபோல, குழாயை அறுத்துக் கட்டிய பிறகும், கட்டுக்கு அப்பால் ஏற்கனவே வந்து நிற்கிற உயிரணுக்கள் சில வாரம் வந்துகொண்டிருக்கும். மூன்று மாதம்வரை எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அதற்காக முகாமில் ரப்பர் உறை கொடுத்திருப்பார்கள். அதை என்ன செய்தான் என்று கேளுங்கள்.

பொன்னுத்தாயிக்குத் தங்கியது அறுவை நடந்த இரண்டு, மூன்று வாரத்துக்குள். அப்போது தங்க வாய்ப்பு உண்டு என்று டாக்டரே சொன்னார். பிப்ரவரியில் பாட்டிலைக் கொடுக்கும்போது நான்கு மாதம் நெருங்கிவிட்டது, அதனால் ஒன்றும் இல்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்துகிறது. அவள் மேல் சந்தேகப்பட ஒரு காரணமும் இல்லை.

டாக்டர் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. கட்டுரையை எடுத்து நூற்று நாற்பத்தேழை அடித்தார். "எல்லா ஆம்பளையையும் முன்வாசல் வழியா வரச் சொல்றேன். நீ உன் மச்சானுக்குப் பின்வாசலைத் திறந்துவிட்டிருக்கே" என்றார். லாட்ஜில் கொடுக்க ஒத்துக்கொண்டது என் தப்பு. ஒரு மாதத்துக்கு என்னை மைக்ராஸ்கோப் பக்கம் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். பாட்டில் கழுவிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் மேல் எனக்கு வந்த கோபத்தை எழுதினால் தபால்தலை போதாது. ஆனால் நீங்கள் இதை எழுதாமலே இருந்திருக்கலாம், பொன்னுத்தாயிக்காக எழுதினீர்கள். அதை நினைத்துக்கொண்டு பேசாமல் இருக்கிறேன்.

மருது


கொத்தமங்கலம்
31-3-1973

மாப்பிள்ளைக்கு,

உன் கடிதத்தைச் சோணைக்கு நான்கு தடவை படித்துக் காட்டினேன். வாய்க்கால் என்றதும் அவனுக்குப் பிடிபட்டுவிட்டது. உறையைப் பற்றிக் கேட்டேன். "ஒரு பொட்டலம் குடுத்தாக. தீவாளிக்குப் புள்ளைக பலூன் கேட்டுச்சுக, ஊதிக் குடுத்துட்டேன்" என்றான். அன்றைக்கு அவன் வாசலில் வரிசையாக வெள்ளைப் பலூன் கட்டியிருந்ததை நானே பார்த்து, ஜோராக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

சோணை நம்பிவிட்டான். ஊர் நம்பவில்லை. மானத்துக்குப் பயந்து மூடி மறைக்கிறான் என்று பேசினார்கள். பொன்னுத்தாயி தண்ணீர் எடுக்கப் போனால் மற்ற பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு விலகினார்கள். அதனால் சாவடியில் நான்கு பேரைக் கூட்டி, நீ எழுதியதைச் சொன்னேன். பெரியகருப்பன் மாமா, "அதெல்லாம் சரிப்பா, ஒனக்கு எப்புடித் தெரியும்?" என்று கேட்டார். பாட்டில் கதையைச் சொல்லாமல் அதற்குப் பதில் இல்லை. சொன்னேன். சிரித்தார்கள். இன்னும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், பொன்னுத்தாயியை இப்போது யாரும் விலக்குவதில்லை.

வினை வேறு பக்கமாக வந்தது. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "அப்ப அந்தக் குறை சோணைக்குத்தான? எம் மகனுக்கு ஒண்ணும் இல்லைல்ல?" என்று தெருவெல்லாம் சொல்கிறாள். நான் பாதியைச் சொல்லப்போய், உன் அக்கா பாடு முன்னைவிட மோசமாகிவிட்டது. சாவடியில் நடந்தது தெரிந்த நாளிலிருந்து அவள் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

வருகிற செவ்வாய்க்கிழமை புறப்படுகிறேன். இந்தத் தடவை தனியாக. லாட்ஜ் வேண்டாம். ஆஸ்பத்திரியில் எங்கே நிற்கச் சொன்னாலும் நிற்கிறேன், டாக்டர் எங்கே வேண்டுமானாலும் தொட்டுப் பார்க்கட்டும்.

தங்கச்சாமி


சென்னை
9-4-1973

மச்சான்,

முடிவு தெரிய நாளாகும் என்று சொல்லி உங்களை ரயிலேற்றிவிட்டது பொய். உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. நானும் கொஞ்சம் கோழைதான்.

உங்கள் விந்திலும் உயிரணு இல்லை. இரண்டு நாள் விட்டு இரண்டு பாட்டில் பார்த்தோம். எண்ணியது டாக்டர், நான் பக்கத்தில் நின்றேன். இது அடைப்பு இல்லை. இரண்டு விதையும் சுருங்கியிருக்கிறது. பத்தொன்பது வயதில் உங்களுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து, அம்மாவின் தங்கச் சங்கிலியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பத்து நாள் கிடந்ததாகச் சொன்னீர்களே. கன்னம் வற்றுவதற்குள் கீழேயும் வீங்கியது என்றும் சொன்னீர்கள். வளர்ந்த ஆண்களுக்கு அது வந்தால் சிலருக்கு இப்படி விதையைத் தின்றுவிட்டுப் போகும். இன்றைய தேதியில் இதற்கு மருந்தும் இல்லை, அறுவையும் இல்லை.

இதற்கும் ஆண்மைக்கும் சம்பந்தம் இல்லை என்று உங்களிடம் சொல்லச் சொன்னார் டாக்டர். மற்ற கணவர்களுக்கு இதை எழுதிப் பழகியவன்தான் நான். உங்களுக்கு எழுதும்போது அந்த வாக்கியம் போதவில்லை. உங்கள் தோளில் உட்கார்ந்து தேர் பார்த்தவன் நான், எனக்கு அழுகையாக வருகிறது.

அடித்த எண்ணிலேயே உங்களை எழுதச் சொன்னார். நூற்று நாற்பத்தேழு இப்போது நீங்கள்தான். இனி நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்கமாட்டேன்.

மருது


கொத்தமங்கலம்
18-4-1973

மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்த அன்று வற்றிக் கிடந்த கம்மாய்க்குள் இறங்கி நடந்துகொண்டே இருந்தேன். அழுதேன் என்று எழுதுவதற்கு இப்போது வெட்கமாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் வந்தார்கள். தட்டை வைத்ததும் எழுந்து நின்றேன். "குறை எனக்குத்தான். மெட்ராசுல பாத்தாச்சு. எம் பொண்டாட்டிக்கு ஒண்ணுமில்ல. இந்தப் புள்ளையக் கூட்டியாந்தாலும் அதுக்கும் மலடின்னுதான் பேரு வைப்பீக" என்றேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "எந்த ஆம்பளையாச்சும் இத வாயத் தொறந்து சொல்லுவானா?" என்றாள். பெண்ணின் தகப்பனார் தட்டை எடுத்துக்கொண்டார். போகும்போது என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். உன் அக்கா சந்தோஷப்படுவாள், என்னிடம் நல்ல வார்த்தை சொல்லுவாள் என்றுகூட எதிர்பார்த்தேன். அவள் மறுநாள் காலையில் பெட்டியோடு வாசலில் நின்றாள்.

"கோவமா?" என்றேன்.

"கோவமெல்லாம் இல்ல. அசந்துபோச்சு" என்றாள். "பதினோரு வருசமா உங்கம்மா பேசுனப்ப நீங்க பக்கத்துலதான் இருந்தீக. அதுக்குப் பெறகு சோணை பாட்டிலக் கொண்டுபோய்க் குடுத்து, அதையும் எந் தலையில கட்டப் பாத்தீக."

பெட்டியை வாங்கிச் சுமந்துகொண்டு பஸ் நிற்கிற இடம்வரை போனேன். பஸ் வந்துவிட்டது. எப்போது வருவாய் என்று கேட்டேன். கல்யாணமானதிலிருந்து அவள் ஊருக்குப் போகும்போது நான் அப்படிக் கேட்டதே இல்லை.

"இங்குட்டு சொல்லிட்டீக. அங்குட்டு எங்க ஊர்ல நான் இன்னும் மலடிதான். எங்க சித்தி மகளுக வளைகாப்புக்கு என்னையக் கூப்புடறதில்ல. எங்கப்பா அதுக்காகவே விசேச வீட்டுக்குப் போறத விட்டுட்டாரு. அங்குட்டும் வந்து சொல்லுங்க. நான் வர்றதப் பத்தி அப்பறம் பேசலாம்" என்றாள்.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் காளையார்கோவில் போகிறேன். உன் சித்தி வீட்டாரையும் தெருக்காரர்களையும் கூப்பிட்டு வைக்கச் சொல்லி உன் அப்பாவுக்கு எழுதிவிட்டேன். இங்கே கோபத்தில் ஒரே மூச்சாகச் சொல்லிவிட்டேன். அங்கே உன் அப்பா முகத்தைப் பார்த்துக்கொண்டு எனக்கு வாய் வருமா என்று தெரியவில்லை. நீ ஒன்பதாம் தேதி எழுதிய கடிதத்தை எடுத்துக்கொண்டு போகிறேன். வாய் வராவிட்டால் அதைச் சத்தமாகப் படித்துவிடுவேன்.

தங்கச்சாமி